தளபதி வீட்டுப் பரீட்சை

மஸ்கட்
10 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி ஜினிக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே ஒரு குறைவும் இல்லை, சளி மட்டும் விட்டபாடில்லை. அப்பாவின் பிரஷர், அம்மாவின் முட்டுவலி, உன் வாய், மூன்றும் மட்டாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு அம்மா போட்ட சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். "இனி ரெண்டுபேரும் போனில வாயத் தொறக்கப்படாது. சொல்ல உள்ளத எழுதுங்க. எழுதும்ப ஒருத்தருக்க பேச்ச மத்தவரு முறிக்க முடியாதுல்லா." சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து இந்த மெயில். கீரிப்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் டவர் கிடையாது என்று தெரியும். சனிக்கிழமை டியூட்டி முடிந்து திருவட்டாறு வீட்டுக்கு இறங்கும்போது படி.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியில் குணம் கண்டுபிடிக்கும் டெஸ்ட் வைத்தார்கள். அறுபது கேள்வி. பதிலை வைத்து மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் நாலு ஆங்கில எழுத்து உண்டு. நம் வீட்டுக்காரர்களுக்காகத் தமிழில் நானே பெயர் வைத்திருக்கிறேன். நான் எந்த வகை தெரியுமா? தளபதி. பயமில்லாதவன், சட்டென்று முடிவெடுப்பவன், பத்துப் பேரை நடத்துகிறவன். மேனேஜர் என் தோளில் தட்டி, எனக்கு அப்போதே தெரியும் என்றார்.

நாம் ஜாதகம் பார்ப்பதில்லை, நாள் பார்ப்பதில்லை. அதனால் கல்யாணம் என்று வந்தால் சம்பளத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறோம். இந்த டெஸ்ட் அப்படியல்ல, சயின்ஸ். இந்த வருஷம் உன் கல்யாணத்தை முடிக்க வேண்டும். "எட்சன் சொன்னா செரி" என்று அப்பா பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். கேள்விகளைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் எழுதுங்கள், ரிசல்ட்டை அனுப்பு.

அம்மாவிடம் எள்ளுருண்டை கேட்டேன் என்று சொல்.

அன்பு அண்ணன்,
எட்சன்


திருவட்டாறு
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். நீ கேட்டவற்றில் என் வாய்தான் மட்டாகவில்லை.

பரீட்சை நடந்தது. ஆராதனை முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, அப்பா படுக்கப் போன நேரத்தில் அம்மா பிடித்துவிட்டாள். மேசையை ஹாலுக்கு நடுவே இழுத்துப் போட்டாள். மீன்சட்டியைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு செசிலி அக்காவும் தப்பவில்லை. "அடுத்தவருக்க பேப்பரப் பாக்கப்படாது, கேட்டியளா" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா நடந்த நடையைப் பார்த்து நானும் என் பேப்பரைக் கையால் மறைத்துக்கொண்டேன். கடைசியில் அவளும் உட்கார்ந்து எழுதினாள்.

எல்லா விடைகளையும் நான்தான் வெப்சைட்டில் ஏற்றினேன். அப்பா, அம்மா, நான், செசிலி அக்கா, நாலு பேருக்கும் ஒரே நாலெழுத்து. உன் தமிழில் சொன்னால் காவலர். பொறுமைசாலி, பிறருக்காக வாழ்கிறவர், கோபப்படாதவர், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முடிக்கிறவர்.

ஆமாம், சட்டென்று கோபம் வரும் நம் அப்பாவும்தான்.

நான் வேறொன்றும் சொல்லவில்லை. சளிக்கு ஆவி பிடி. ஏசிக்கு நேராகப் படுக்காதே.

தங்கை,
ஜினி


மஸ்கட்
24 ஜனவரி 2025

அன்புள்ள ஜினிக்கு,

சளி போய்விட்டது. சந்தோஷத்தில் போயிருக்கும். ஒரே வீட்டில் நாலு காவலர்! (செசிலி அக்காவையும் நம் வீட்டில் சேர்த்தாயிற்று.) கேன்டீனில் எல்லாரிடமும் சொன்னேன். இப்படி ஒரு குடும்பம் கோடியில் ஒன்று என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரர் கையைக் குலுக்கினார்.

இனிமேல்தான் முக்கியம். இங்கே ஸ்டெனி என்று ஒரு பையன், மார்த்தாண்டம் பக்கம், சேஃப்டி என்ஜினீயர். தங்கமான பிள்ளை. நம் சபை. ஒரே மகன். உன்னைப் பற்றிச் சொல்லியிருந்தேன், நீ காவலர் என்பதையும் சொன்னேன். இரண்டு நாளில் அவனும் டெஸ்ட் எழுதி ரிசல்ட்டைக் கொண்டு வந்து காட்டினான். எனக்குப் புல்லரித்தது. அவனும் காவலர்! நாலெழுத்தும் அச்சாக அதேதான். உனக்கும் அவனுக்கும் வாழ்நாளில் ஒரு தர்க்கம் வராது.

உன் மறுமொழி வந்ததும் அவன் வீட்டாரை அனுப்பச் சொல்கிறேன். யோசிக்க என்ன இருக்கிறது? மலை மேல் தனியாகக் கிடக்கிறவளுக்கு மஸ்கட் வாழ்க்கை கசக்குமா?

அப்பாவின் மாத்திரையை எண்ணிப் பார். எடுக்க மறந்துவிட்டு எடுத்தேன் என்பார்.

அண்ணன்,
எட்சன்


திருவட்டாறு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் சுகக்குறைவு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் வேலை கூடுதல். பனியில் ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கெல்லாம் காய்ச்சல்.

ஸ்டெனி காரியத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம், உன் சயின்ஸைப் பற்றித்தான்.

எஸ்டேட்டில் ஆன்ட்ரூஸ் என்று பீல்டு சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். காய்ச்சல்காரர்களை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அவர்தான். அங்கே என் மேசையில் மிஞ்சிக் கிடந்த கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, "இது என்ன சிஸ்டர், சம்பளம் கூட்டித் தருவினுமா?" என்று கேட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

எனக்குச் சீக்கிரம் கோபம் வரும் என்பதற்கு, சரி. பக்கத்தில், 'சாப்பிட்டால் போகும்.' சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்பதற்கு, தவறு. பக்கத்தில், 'ஜீப்பிடம் கேட்கவும்.' தோற்றாலும் வாதத்தை விடமாட்டேன் என்பதற்கு, சரி. பக்கத்தில், 'தோற்றால் பார்க்கலாம்.'

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பிறர் மனதில் இருப்பது எனக்குச் சட்டென்று புரியும் என்ற கேள்வி. "ஒரு ஆளுக்க மனசு மட்டும் புரியும். அதுக்கு இதில கட்டம் இல்லியே" என்று சொல்லிப் பேப்பரைத் தந்துவிட்டுப் போய்விட்டார். யாருடைய மனசு என்று நான் கேட்கவில்லை.

வெப்சைட்டில் ஏற்றினேன். காவலருக்கு நேரெதிர் வகை வந்தது. தர்க்கக்காரர் என்று நீ பெயர் வைத்திருக்கிறாய். இப்படி ஓர் ஆளோடு காவலர் வகைப் பெண் வாழ முடியுமா? எந்த வகைக்கு எந்த வகை பொருந்தும் என்று உன்னிடம் அட்டவணை இருக்குமே, அதைப் பார்த்துச் சொல்.

தங்கை,
ஜினி


மஸ்கட்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜினிக்கு,

இங்கே சுகம். பால்வெட்டுக்காரர்களின் காய்ச்சல் உனக்குத் தொற்றாமல் மாஸ்க் போட்டுக்கொள்.

அட்டவணையைப் பார்த்தேன், பார்க்கவே தேவையில்லை. தர்க்கக்காரரும் காவலரும் ஒரே கூரைக்குக் கீழே என்றால் சட்டி பானை மிஞ்சாது. கோபம் வருமாம், நேரத்துக்கு வரமாட்டானாம், அதையும் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுக்கிறானாம். ஒருவன் தன் குறையைத் தானே எழுதித் தந்தால் எழுதாதது எவ்வளவு இருக்கும்? அந்தப் பெண் யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்.

அது சரி, யாரோ ஒரு சூப்பர்வைசருக்காக நீ ஏன் இவ்வளவு எழுதுகிறாய்? ஸ்டெனிக்கு என்ன மறுமொழி? அதை முதலில் எழுது.

அண்ணன்,
எட்சன்


மஸ்கட்
28 மார்ச் 2025

ஜினிக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு வரி இல்லை. அம்மாவிடம் கேட்டால் மீன் விலை சொல்கிறாள். அப்பாவிடம் கேட்டால் போனை அம்மாவிடம் கொடுக்கிறார். லெந்து நோன்புக் காலத்தில் வாயை அடக்குவது நல்லதுதான், ஆனால் எனக்கு மட்டும் அடக்கினால் எப்படி?

ஈஸ்டர் முடிந்ததும் ஸ்டெனி வீட்டார் வருவார்கள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். சட்டென்று முடிவெடுப்பது என் வகை.

எட்சன்


திருவட்டாறு
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்தது. அம்மா உன் பங்கு எள்ளுருண்டையை டின்னில் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நான் இரண்டு தின்றேன்.

ஸ்டெனி வீட்டார் வந்தார்கள். நல்ல மனிதர்கள். பழமும் காப்பியும் கொடுத்து, எனக்கு இஷ்டமில்லை என்று நானே மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். நீ கொதிப்பாய் என்று தெரியும். கொதித்துவிட்டுப் படி.

அம்மா முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் வேதப் பரீட்சை நடத்தினவள். நீ மறந்துபோனாய். உன் கேள்வித்தாளையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். 'எனக்குச் சீக்கிரம் கோபம் வரும்' என்ற இடத்தில் அப்பா சரி என்று போட்டார். "இஞ்ச பாருங்க, சபைக் கமிட்டியில இருக்கிய ஆளு எழுதுகிய பதிலா இது? அடிச்சிட்டுத் தவறுன்னு போடுங்க" என்றாள். அப்பா அடித்தார். செசிலி அக்கா, 'பிறர் பேசுவதை ஒளிந்து கேட்பேன்' என்பதில் பேனாவை வைத்துக்கொண்டு திருதிரு என்று முழித்தாள். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாரும் ஒரு மனுஷன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி எழுதினோம். எப்படி இருக்கிறோம் என்று யாரும் எழுதவில்லை. சின்னதிலிருந்து பரீட்சை என்றால் சரியான விடையை எழுதித்தானே பழக்கம், அதனால்தான் நாலும் காவலர்.

உள்ளதை உள்ளபடி எழுதினது ஆன்ட்ரூஸ் ஒருவர்தான். நான் அவரைக் கல்யாணம் செய்யப் போகிறேன். பிப்ரவரியிலேயே நேராக எழுதியிருக்கலாம். நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று ஆழம் பார்த்தேன். நீ சட்டி பானைக் கணக்குச் சொன்னதும் எனக்கு வந்த கோப வெப்ராளத்தில் எழுதினால் மரியாதை கெட்டுப்போகும் என்று லெந்து முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய அம்மா நம் போதகர் வழியாக முறையாகப் பெண் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கும்தான், ஆனால் வாயைத் திறந்தால் "எட்சன் சொல்லட்டு" என்கிறார். ஆகவே உன் சம்மதம்தான் பாக்கி. எனக்கு அது வேண்டும், அண்ணா. சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்கவில்லை. நீ இல்லாத கல்யாணத்தில் எனக்குச் சந்தோஷம் பாதிதான் இருக்கும்.

இன்னும் இரண்டு சேதி. நான் திரும்ப எழுதினேன், கீரிப்பாறையில், அம்மா பக்கத்தில் இல்லாதபோது. வந்தது தளபதி. சிரிக்காதே.

அப்புறம், நேற்று மூன்று பேப்பரில் உன் பெயரை எழுதி, உனக்காக நாங்கள் பதில் போட்டோம். அப்பா முற்றத்தில், அம்மா அடுக்களையில், நான் என் அறையில். ஒருவர் பேப்பரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றிலும் ஒரே வகை. தளபதி இல்லை. சமாதானக்காரர் என்று உன் பட்டியலில் கடைசியில் இருக்கிறதே, அது. இளகின மனசு. சண்டை வந்தால் ஒதுங்கிப் போகிறவர். ஒரு முடிவெடுக்க ஆயிரம் யோசிப்பார். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் உருகுவார். நாம் போனில் சண்டை போட்டோம் என்கிறாய், கத்தினது முழுக்க நான்தான். நீ "ஜினி, ஜினி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ரிசல்ட்டை வாசித்ததும் அம்மா அழுதாள். "எனக்க பிள்ள அங்க யாருக்கு முன்னால தளபதியா நிக்கான்?" என்று கேட்டாள்.

உன் தங்கை,
ஜினி


மஸ்கட்
13 ஜூன் 2025

அன்புள்ள ஜினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே மழை தொடங்கியிருக்கும், மலைப் பாதையில் பஸ் வரும்போது ஜன்னலோரம் உட்காராதே.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அப்பா அம்மாவை வைத்து என்னை இப்படி அவமானப்படுத்தலாமா என்று நினைத்தேன். பிறகு ஸ்டெனியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எட்சன் அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? நீங்க அவிய காவலர்னு சொன்ன பொறவுதான் நான் எழுதினேன். முதல்ல வேற வந்துச்சு. காவலர் வருகிய வர மாத்தி மாத்தி எழுதினேன்" என்றான். புல்லரித்தது என்று உனக்கு எழுதினேனே, இதற்குத்தான்.

நான் நிஜமாகவே தளபதி என்றால் அவன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். நான் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, பரவாயில்லை மக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அறைக்கு வந்த பிறகுதான் நீங்கள் மூன்று பேரும் போட்ட பதில் ஞாபகம் வந்தது. கம்பெனியில் டெஸ்ட் எழுதும்போது என் மேனேஜர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நம் அம்மா நின்ற மாதிரியேதான்.

ஆன்ட்ரூஸ் விஷயம். சரி என்று எழுதினேன், அழித்தேன். வேண்டாம் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நான் சரி என்று சொல்லி, நாளைக்கு நீ அழுதுகொண்டு வந்து நின்றால் நான் எங்கே போவேன்? வேண்டாம் என்று சொல்லி, நீ வாழ்நாள் முழுக்க என்னிடம் பேசாமல் போனால்? ஆளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அதுவரை பொறு. பொறுப்பாயா?

அண்ணன்,
எட்சன்


திருவட்டாறு
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை கொட்டுகிறது, நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டெனிக்குச் சாயா வாங்கிக் கொடுத்த இடத்தில், "அதாக்கும் எனக்க எட்சன்" என்றாள்.

பொறுக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் ஈஸ்டர் என்பாய், நீ அப்படிப்பட்ட ஆள், அதில் உன்மேல் குறை இல்லை. ஆன்ட்ரூஸும் நானும் போதகரிடம் கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். அப்பா "எட்சன்..." என்று இழுத்தார். "அண்ணன் வேண்டாம்னு சொல்லல்லியே அப்பா" என்றேன்.

இன்றைக்கு ஆராதனையில் எங்கள் கல்யாண அறிவிப்பை, மூன்று ஓலையில் முதல் ஓலையை, வாசித்தார்கள். அதைத்தான் உனக்கு உடனே எழுதுகிறேன். போதகர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டும் என்றார். நான் கொயர் பெஞ்சில் இருந்தேன், எனக்கு எல்லாருடைய முகமும் தெரிந்தது. நீ இன்னும் சம்மதிக்கவில்லை என்று ஊருக்கே தெரியும், செசிலி அக்காவின் உபயம். அத்தனை தலையும் நம் பெஞ்சைப் பார்த்துத் திரும்பியது. அம்மா பைபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்து நின்றார்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள், சும்மா இருப்பதுதான் முறை. எழுந்தால் தடை என்றுதானே அர்த்தம்? ஆன்ட்ரூஸின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, கமிட்டியில் கணக்கு ஒப்பிக்கிற குரலில் போதகரிடம் சொன்னார்: "தடை ஒண்ணும் இல்ல ஐயரே. எனக்கு இல்ல, எனக்க வீட்டுக்காரிக்கு இல்ல. எனக்க மவன் எட்சனுக்கும் இல்ல. அவன எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். போதகர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். நல்லது ராஜையன், நல்லது என்று சொல்லி, பாட்டு நம்பரைத் தப்பாகச் சொன்னார். எனக்குப் பாட வரவில்லை. ஆயுசில் அப்பா ஒரு முடிவைச் சொல்லி நான் கேட்டது இன்றைக்குத்தான், அதுவும் உனக்காகச் சொன்னது.

அப்பா உனக்காகப் பதில் போட்டுவிட்டார், அண்ணா. அது தப்பென்றால் சொல்லிவிடு, இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.

உன் தங்கை,
ஜினி


மஸ்கட்
7 ஜூலை 2025

என் அன்பு ஜினிக்கு,

சுகமா என்று கேட்க இன்றைக்குத் தோன்றவில்லை, நீங்கள் எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள். உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தந்தார். அப்படி அழுதேன்.

வீடு கட்டுவதற்கும், உன் படிப்புக்கும், அப்பாவின் ஆபரேஷனுக்கும் நான்தான் முடிவு சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முந்தின ராத்திரி தூங்கினதில்லை. ஒருதடவை, ஒரே ஒருதடவை, யாராவது எனக்காகச் சொல்லிவிட மாட்டார்களா என்று நினைத்திருக்கிறேன். அதை யாரிடம் கேட்பது?

அப்பா சொன்னது சரி. எனக்குத் தடை இல்லை. ஆன்ட்ரூஸிடம் நானே பேசுகிறேன், ஜீப் டவர் உள்ள இடத்துக்கு வந்ததும் கூப்பிடச் சொல்.

அவசர லீவு கேட்டேன். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். வேண்டும் என்றேன், தந்துவிட்டார். இரண்டாம் ஓலைக்கு எட்டமாட்டேன், மூன்றாவதுக்கு நம் பெஞ்சில் இருப்பேன். போதகர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைக்கும்படி அம்மாவிடம் சொல். யாரும் எழும்பக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை நான் எழும்புவேன்.

உன் அண்ணன்,
எட்சன்